சோலைவரியில் எழும்பிய சுவர்: திருகோணமலையிலிருந்து நகர மண்டபங்களைப் பார்த்தல்

திருகோணமலையில் ஒரு பழைய கட்டடத்தைக் கண்டால், அது எந்தக் காலத்தது என்று கேட்பதற்கு முதல், யாருடைய காசில் கட்டியது என்று கேட்க வேண்டும். இந்த ஊரில் பெரிதாக நிற்பவற்றில் அனேகமானவை ஊரார் கேட்டுக் கட்டப்பட்டவை அல்ல. கோட்டையைப் போர்த்துக்கீசர் கட்டினார்கள், ஒல்லாந்தர் திருத்திக் கட்டினார்கள், ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். டொக்யார்ட் என்ற கப்பல் பணித்தளம் பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கு வந்தது. சீனக்குடாக் காட்டுக்குள் நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளும் அதே கடற்படையின் கப்பல்களுக்காகத்தான். ஊரின் வரிப்பணத்தில், ஊரின் பொதுத் தேவைக்கென்று எழும்பிய கட்டடம் எது என்று தேடினால், கடைசியில் நகரசபையிலும் அதன் மண்டபத்திலும்தான் வந்து நிற்போம்.

அதனால்தான் நகர மண்டபம் என்ற கட்டட வகையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். இலங்கையின் சிறு நகரங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று இருக்கும். முன்னால் ஒரு போட்டிக்கோ, உள்ளே நீண்ட மண்டபம், ஒரு பக்கத்தில் மேடை, அருகிலோ பின்னாலோ கந்தோர் அறைகள். வீடு வளவுக்கான சோலைவரி கட்டப் போவோம், கலியாணத்துக்கு எடுப்போம், பரிசளிப்பு விழாவில் பின்வரிசையில் இருந்துவிட்டு வருவோம். அந்தக் கட்டடம் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிப்பதில்லை. சட்டம், காசு, வெயில், கல் என்ற நான்கும் சேர்ந்துதான் அதற்கு அந்த உருவத்தைக் கொடுத்தன.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். திருகோணமலைப் பட்டணம் ஒரு கழுத்துப் பகுதியில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், தென்மேற்கே உள்துறைமுகம். கழுத்தின் கிழக்கு முனையில் பாறை மீது கோட்டையும் கோணேசர் கோவிலும். தெற்கே டொக்யார்ட். நடுவில் எஞ்சிய துண்டில்தான் பிரதான வீதி, மத்திய வீதி, கடல்முக வீதி, என்.சி. வீதி, சந்தை, குடிமனைகள் எல்லாம். கோட்டை வாசலுக்கு முன்னால் இன்றைக்கும் பெரிய வெளி கிடக்கிறது. மாலையில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள், புள்ளிமான்கள் மேய்கின்றன. அழகுக்காக விட்ட வெளி அல்ல அது. கோட்டைச் சுவரிலிருந்து சுடுகிறவனுக்கு எதிரி ஒளிந்துகொள்ளக் கட்டடம் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கோட்டைகளின் விதி. அந்த வெளிக்கு அப்பால்தான் ஊர் தொடங்கியது. கோட்டை, டொக்யார்ட் என்ற இரண்டு இராணுவ நிலங்களுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு வளர்ந்த பட்டணத்தில் ஊர்ச் சபைக்கென்று பெரிய நிலம் கிடைப்பது லேசான காரியமாக இருந்திருக்காது.

கோட்டை வாசலில் சற்று நில்லுங்கள். வலப்பக்கக் கல்லில் இரண்டு மீன்களும், கோணேசர் கோவிலுக்குக் குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியையும் அதைப் பறங்கி (போர்த்துக்கீசர்) பிரிக்கப்போவதையும் சொல்லும் தமிழ் வரிகளும் இருக்கின்றன. எழுத்து பல இடங்களில் தேய்ந்து போய்விட்டது. 1622இல் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோவிலை இடித்தான். அந்தக் கற்களில்தான் கோட்டை எழும்பியது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1660களில் மறுபடி கட்டினார்கள். 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரிடமும் பிறகு பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறி, 1795இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். இத்தனை கைமாற்றத்திலும் ஊரார் வந்து இருந்து பேச ஒரு கூரை போட வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது துறைமுகம். ஊர் அதன் ஓரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஊரார் தாங்களாகக் கட்டியவை வேறு வகை. கோவில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் அந்தந்தச் சமூகத்தின் கையால் எழும்பின. பாடசாலைகளும் அப்படித்தான். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. இவை எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியரும் ஒரே வாசலால் உள்ளே போகிற கட்டடத்துக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அந்தச் சட்டம் துண்டு துண்டாக வந்தது. 1865இல் மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் வந்து கொழும்புக்கும் கண்டிக்கும் சபைகள் கிடைத்தன. கொழும்பு 1873இலேயே புறக்கோட்டையில் கூர்வளைவுகளோடு ஒரு நகர மண்டபத்தைக் கட்டிக்கொண்டது. 1920களில் அது போதாதென்று வெள்ளைக் கோபுரக் கவிகையோடு இன்னொன்றும் கட்டியது. சிறு பட்டணங்களின் பாதை வேறு. 1876இல் உள்ளூர்ச் சபைகளுக்கான கட்டளைச் சட்டம் வந்தபோது, அதன் முழு நோக்கமும் சுகாதாரமும் மேம்பாடும்தான். கொலராவும் அம்மையும் பரவாமல் பார்ப்பது, கான் வெட்டுவது, சந்தையைக் கூட்டுவது. தலைமை அரசாங்க அதிபரின் கையில் இருந்தது. உறுப்பினரில் ஒரு பகுதி நியமனம், ஒரு பகுதி தெரிவு, அதுவும் குறிப்பிட்ட சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களின் வாக்கில். இப்படியான சபைக்கு மண்டபம் எதற்கு? கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், ஒரு மேசையும் ஆறேழு கதிரையும் போதுமே.

மண்டபத்துக்கான தேவை அரசியல் விரிந்தபோதுதான் வந்தது. 1920ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தோடு நகர மாவட்ட சபைகள் வந்தன, தெரிவான உறுப்பினர்களின் பலம் கூடியது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு நாட்டின் அரசாங்க சபைத் தேர்தலில் ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தது. 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகரசபைகள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நகரசபைகளின் அடிப்படை. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள், அவற்றோடு நகரத்து மக்களின் வசதியும் நலனும் என்று சபையின் பொறுப்பை அந்தச் சட்டம் வரையறுத்தது. ‘வசதியும் நலனும்’ என்ற அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளால்தான் நூலகமும் பூங்காவும் மண்டபமும் உள்ளே வந்தன. வாக்குக் கேட்க வருகிறவன் பேசவும், வாக்குப் போட்டவன் கேள்வி கேட்கவும் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

காசுதான் பிரச்சினை. சோலைவரி, சந்தைக் குத்தகை, கடைகளின் அனுமதிக் கட்டணம், அரசாங்கம் கொடுக்கும் உதவி. ஒரு சிறு நகரத்தின் வருமானம் இவ்வளவுதான். திருகோணமலையில் பெருமளவு நிலம் அரசினதும் படையினதும் கையில் இருந்ததால் வரி போடக்கூடிய ஆதனங்களும் அந்த அளவுக்குக் குறைவு. அதற்குள் தண்ணீரும் கொடுக்க வேண்டும். 1950இல் கோணேசர் கோவிலுக்கு ஏறத்தாழ 500 யார் தூரத்தில் நகரசபை கிணறு வெட்டியபோதுதான், இடிப்பதற்கு முன் புதைத்து வைத்த சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1963இல் கோவில் மறுபடி குடமுழுக்குக் கண்டபோது அந்தத் திருமேனிகள் திரும்பி வந்தன. அகழ்வாராய்ச்சிக்காரர் தேடிக் கண்டெடுத்தவை அல்ல இவை. ஒரு சபை தன் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது கிடைத்தவை. நகரசபை வேலை என்றால் குப்பையும் கானும்தானே என்று யாராவது சொன்னால் இந்தக் கிணற்றைச் சொல்லுங்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். கிழக்குக் கரையில் ஒரு மண்டபம் கட்டும் மேசனுக்கு முன்னால் இருந்த முதல் எதிரி வெயில். மே தொடங்கி ஆவணி வரை தென்மேற்குக் கச்சான் காற்று வீசும்போது பகலில் 34, 35 பாகை. மழை ஒக்டோபரில் வடகிழக்கு வாடைக் காற்றோடு தொடங்கி, ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஒரே கட்டடம் இரண்டையும் தாங்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய மண்டபங்களின் உருவத்தில் பாதி இதிலேயே விளங்கிவிடும். சுற்றிவர விறாந்தை, வெயில் சுவரில் படாமலும் சாரல் யன்னலுக்குள் அடிக்காமலும் இருக்க. முகட்டை 15 அடிக்கு மேல் தூக்குவது, நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சுச் சூடு தலைக்கு மேலே ஏறி நிற்க. யன்னலுக்கு மேலேயும் கூரைக்குக் கீழேயும் பலகைச் சலாகைகள் அல்லது துளையிட்ட சீமெந்துக் கிராதி, அந்தச் சூடு வெளியே போக. சில இடங்களில் முகட்டுக்கு மேல் இன்னொரு குட்டிக் கூரையே இருக்கும். இரண்டு கூரைக்கும் இடையிலுள்ள சந்தால் காற்று வெளியேறும். மின்விசிறி வருவதற்கு முந்திய மின்விசிறி அது.

கூரை எப்படி அவ்வளவு அகலத்தை நடுவில் தூண் இல்லாமல் மூடியது? குழாயைப் பாதியாகப் பிளந்தது போன்ற பழைய பீலி ஓடு இரண்டு அடுக்காகப் போடுவது. கனம் அதிகம், குரங்கு ஓடினாலே நகர்ந்துவிடும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும். 1865இல் சுவிஸ் நாட்டுக் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டை ஓடு அங்கிருந்து கப்பலில் இந்தப் பக்கமெல்லாம் வந்தது. ஒரே அடுக்கில் போடலாம், பாரம் குறைவு. பாரம் குறைந்ததால் மரத்தாலான முக்கோணச் சட்டங்களைச் சுவருக்குச் சுவர் வைத்து அகலமான மண்டபத்தை மூட முடிந்தது. கோவில் மண்டபத்தில் தூண் நடுவே நிற்கலாம், அது அழகு. கூட்டம் நடக்கிற மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் இருப்பவன் மேடையைப் பார்க்க முடியாது. மரத்துக்கு இந்த மாவட்டத்தில் குறைவில்லை. பாலையும் முதிரையும் காட்டில் இருந்தன. முதிரைக் கதவு நூறு வருடம் கடந்தும் அந்த மஞ்சள் மினுக்கம் போகாமல் இருப்பதைப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம்.

இனிச் சுவர். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கரையோரத்துப் பழைய சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால், கல் போலத் தெரிவது கல் அல்ல. நுண்ணிய குழாய்களும் நட்சத்திர வடிவத் துளைகளும் நிறைந்த முருகைக்கல். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது. இடையில் உள்ள சாந்தும் அதே முருகைக்கல்லைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்புதான். சாந்தில் சில இடத்தில் சிப்பித் துண்டுகள் மின்னும். கல்லும் சாந்தும் ஒரே கடலிலிருந்து வந்ததால் இரண்டும் ஒன்றாகவே விரிகின்றன, ஒன்றாகவே சுருங்குகின்றன. கடலிலிருந்து எடுத்தவுடன் கட்டமாட்டார்கள். மாரி மழையில் நனையவிட்டு உப்பு இறங்கிய பிறகுதான் சுவருக்கு வரும். சுண்ணாம்புச் சாந்து உடனே இறுகாது. காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மாதக்கணக்கில், தடித்த சுவரானால் வருடக்கணக்கில், மெல்ல மெல்லக் கல்லாக மாறும். கட்டி முடிந்த பிறகும் அந்தச் சுவருக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இப்படியான சுவர் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். மாரியில் நனைந்தது கோடையில் காய்ந்துவிடும். அதுதான் அதன் ஆயுள் இரகசியம். நம் ஊர்ப் பழைய கட்டடங்களுக்கு இன்று நடக்கும் மிகப் பெரிய கேடு இங்கேதான் தொடங்குகிறது. யுத்தமோ புயலோ செய்ததை விட, நல்லெண்ணத்தோடு செய்கிற திருத்தம் கூடுதலாக அழிக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் சீமெந்து பூசுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஒப்பந்தகாரருக்கு வேலை ஒரு கிழமையில் முடியும். ஆனால் சீமெந்து இறுக்கமானது. நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே அடைபடும். அந்த ஈரத்தோடு வருகிற உப்பு, பூச்சுக்கும் முருகைக்கல்லுக்கும் இடையில் பளிங்காகப் படிந்து வீங்கும். நாலைந்து மாரிக்குப் பிறகு சீமெந்து தகடு தகடாகக் கழரும்போது, தனியாகக் கழராது, கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். உடனே இன்னும் தடிப்பாகச் சீமெந்து பூசுவார்கள். ஒவ்வொரு திருத்தமும் சுவரில் ஒரு விரற்கடையைத் தின்கிறது.

கூரையிலும் இதே கதை. உயர்ந்த முகட்டைப் பார்த்து, குளிரூட்டி போடுவதென்றால் மூட வேண்டும் என்று தட்டையான கூரைத்தட்டு அடிக்கிறார்கள். சூடு வெளியேறிய கிராதிகளைப் பலகையால் அடைக்கிறார்கள். மின்சாரம் நின்ற நாளில் மண்டபத்துக்குள் இருக்கவே முடியாது. மூடிய மேல்தட்டுக்குள் ஒழுக்கு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாமல் மரச்சட்டங்கள் உக்குகின்றன, கறையான் ஏறுகிறது. பழைய கட்டடம் சூடானது, பழுதானது, இடிக்க வேண்டியதுதான் என்று ஒரு நாள் சபையில் தீர்மானம் வரும்போது, அந்தச் சூட்டையும் பழுதையும் அதற்குள் கொண்டுவந்தது எது என்று கேட்பவர் இருப்பதில்லை.

இடிந்து போவதற்கு வேறு காரணங்களும் இந்த மண்ணில் குறைவில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது பட்டணமே காலியானது. 1964 மார்கழிப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2004 மார்கழி 26 ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் என்ன செய்தது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பழைய நகர மண்டபம் போரில் இல்லாமலே போய்விட்டது. அதன் அருகே, 1959இல் திறந்து 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தை எல்லாரும் அறிவார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த, ஊராரின் நன்கொடையும் சேர்ந்து எழும்பிய கட்டடம் அது. நூலகம் எரிந்ததை இன்றும் சொல்லி அழுகிறோம், அழத்தான் வேண்டும். பக்கத்திலிருந்த மண்டபத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் போர்க் காலத்திலும் அலை அடித்த நாட்களிலும் சனம் ஓடிப்போய்ப் படுத்தது பாடசாலைகளிலும் கோவில்களிலும் இப்படியான பொது மண்டபங்களிலும்தான். நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்தால் ஒரு மண்டபம் எத்தனை குடும்பத்தைத் தாங்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. விறாந்தையும் உயர்ந்த முகடும் இல்லாத கட்டடத்தில் அத்தனை பேர் ஒரு கிழமை கூட இருந்திருக்க முடியாது.

இந்தக் கட்டடங்களைக் காப்பாற்றச் சட்டம் உண்டா என்று கேட்டால், பதில் ஒரு திகதியில் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதையே பண்டைய நினைவுச்சின்னம் என்று வரையறுத்தது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடமென்றால் அமைச்சர் தனியாக அறிவிக்க வேண்டும். நகர மண்டபங்களுக்குக் காரணமான முதல் சட்டமே 1865இல்தான் வந்தது. ஆகவே வாக்கும் வரியும் சபையும் எப்படி ஊருக்கு வந்தன என்பதைக் காட்டும் கட்டடங்கள் அத்தனையும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டன. கோட்டைக்குக் காவல் உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் மாளிகையை நெதர்லாந்தின் உதவியோடு திருத்திக் கடற்படை அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். அதைப் போய்ப் பாருங்கள், அந்த அகன்ற தூண் விறாந்தையில் நின்றால் வெளியே கொதிக்கும் வெயில் உள்ளே எப்படித் தணிகிறது என்பது தோலில் தெரியும். அந்நியன் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டுக்குக் கிடைத்த பராமரிப்பு, நாமே வரி கட்டிக் கட்டிய மண்டபங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. அடுத்த முறை ஒரு பழைய சபைக் கட்டடத்தில் கை வைப்பதற்கு முன், அளந்து வரைபடம் எடுத்து வைக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சி. விலைமனுவில் பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாமல், சுண்ணாம்புப் பூச்சு என்று எழுதலாம். கடல் முருகைக்கல் எடுப்பதை இன்று சட்டம் தடுக்கிறது, அது சரியும்கூட. ஆனால் சுண்ணாம்புக்கு யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இருக்கிறது. சுண்ணாம்பு குழைத்துப் பூசத் தெரிந்த மேசன்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வயது போனவர்கள். அவர்களோடு இரண்டு இளம் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு மாரிக்கு முன் ஒரு சுவரைப் பூசிப் பார்க்கச் சொல்ல ஒரு சபைத் தீர்மானமே போதும்.